வீணை: பஞ்சமத் தந்திக்கு இறங்கினால் கை தடுமாறுகிறது

கேள்வி:
வீணையின் முதல் தந்தியான சாரணியில் சரளி, ஜண்டை என்ற தொடக்கப் பயிற்சி வரிசைகள் இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) தடங்கலில்லாமல் வருகின்றன. அடுத்த தந்தியான பஞ்சமத்துக்கு இறங்கினால் மட்டும் மெட்டை (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டையை) எண்ணித்தான் ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எண்ணாமலே கை போக என்ன பயிற்சி செய்யலாம்?

பதில் 1:
சாரணியில் வெறும் தந்தி (எந்த மெட்டையும் அழுத்தாமல் மீட்டுவது) ச. பஞ்சமத்தில் வெறும் தந்தி மந்தர (கீழ்) ஸ்தாயி ப. அங்கேயும் ச-விலிருந்தே கணக்குப் போடுவதால்தான் எண்ண வேண்டிவருகிறது.

மாயாமாளவகௌளை ராகத்தில் ச ரி க ம சாரணியில் வெறும் தந்தி, 1, 4, 5-ஆம் மெட்டுகள். பஞ்சமத்தில் ப த நி ச-வும் அதே வெறும் தந்தி, 1, 4, 5. ராகத்தின் இரண்டு பாதிக்கும் ஒரே இடைவெளிதான். ம க ரி ச சாரணியில், நி த ப பஞ்சமத்தில் என்று இறங்கி, அதே வழியில் ஏறுங்கள். கை பழகியதும் சங்கராபரணம்: இரண்டு தந்தியிலும் வெறும் தந்தி, 2, 4, 5. அடுத்து கல்யாணி. அதில் சாரணியின் ம மட்டும் 6-க்குப் போய்விடும். பழக்கத்தில் விரல் 5-க்கு ஓடினால், இடம் இன்னும் பதியவில்லை என்று பொருள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு, நாளுக்கு ஒரு ஸ்வரஸ்தானம் எடுத்து நான்கு தந்தியிலும் தேடுங்கள். மத்ய ஸ்தாயி ச: சாரணி வெறும் தந்தி, பஞ்சமம் 5, மூன்றாம் தந்தியான மந்தரம் 12, நான்காம் தந்தியான அனுமந்தரம் 17. அந்தர காந்தாரம் (சங்கராபரணத்தின் க): அதே வரிசையில் 4, 9, 16, 21. வீணையின் 24 மெட்டுக்குள் வரும் எந்த ஸ்வரமானாலும் சாரணி மெட்டோடு 5, 12, 17 கூட்டினால் போதும்.

மெட்ரோனோமை (தாளக் கருவியை) நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். முதலில் ஸ்வரத்தை வாயால் பாடி, பிறகு மீட்டுங்கள். தப்பான மெட்டில் விரல் விழுந்தால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. கையை எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். இழுத்தால் விரலுக்கு இழுப்புதான் பழகும், இடம் பழகாது.

பதில் 3:
அதற்கு முன் மெட்டுகளைச் சோதியுங்கள். பஞ்சமம் 5-உம் சாரணி வெறும் தந்தியும், மந்தரம் 7-உம் பஞ்சம வெறும் தந்தியும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். ஒரே மெட்டில் நான்கு தந்தியும் பிசகினால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்திருக்கும். மேளம் கட்டுபவரிடம் (மெழுகில் மெட்டுகளைப் பதிப்பவரிடம்) காட்டுங்கள், நீங்களே சூடு காட்ட வேண்டாம். மெட்டு சரியாக இருந்தும் ஸ்வரம் ஏறிக் கேட்டால் விரல் அளவுக்கு மேல் அழுத்துகிறது. சரியான மெட்டையே காது தவறென்று தள்ள, கை பக்கத்து மெட்டைத் தேடிப் போகும்.

கேள்வி கேட்டவர்:
மெட்டுகள் சரியாக இருக்கின்றன. கல்யாணியில் 5-க்குத்தான் விரல் போகிறது.

பதில் 1:
ச-விலிருந்து ஏறாதீர்கள். ப-வைப் பிடித்துக்கொண்டு 7, 6, 7, 6 என்று மெதுவாக, பிறகு 7, 6, 4. ப-வுக்கு ஒரு மெட்டு கீழே ம என்று கை பிடித்துக்கொண்ட பிறகு ஆரோகணத்துக்கு வாருங்கள்.