பொங்கல் லீவுக்கு குன்னூர், கோத்தகிரி: நல்ல சாப்பாடு எங்க, ஒயின் எது?

உறையூர்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் லீவுக்கு குடும்பத்தோட நீலகிரி போறோம். குன்னூர்லயும் கோத்தகிரிலயும் ஹோம்ஸ்டே போட்டாச்சு, ஊட்டிக்கு காலைல போய்ட்டு சாயங்காலம் திரும்பிடறதா பிளான். மாமியார் சுத்த சைவம், மாமனாருக்கு மட்டன் இருந்தாதான் சாப்பிட்ட மாதிரி இருக்கும், வீட்டுக்காரர் புனேல வேலை பாத்தப்போ ஒயின் பழகினவர், ராத்திரி சாப்பாட்டோட ஒரு கிளாஸ், அவ்ளோதான், வேற எதையும் தொட மாட்டார். எங்க சுத்திப் பாக்கலாம்ங்கற லிஸ்ட் நெட்ல கொட்டிக் கிடக்கு, அது வேண்டாம். எனக்கு சாப்பாடுதான் தெரியணும். போன தடவை மலைக்குப் போனப்போ மெயின் ரோட்ல ஒரு பெரிய ஹோட்டல்ல உக்காந்தோம், மெனு கார்டுல வட இந்தியா, சைனீஸ், கேரளா எல்லாம் பக்கம் பக்கமா இருக்கு, அந்த மலையோட ஐட்டம்னு ஒண்ணு கூட இல்ல, பனீர் பட்டர் மசாலா சாப்பிடவா இவ்ளோ தூரம் வந்தோம்னு மாமியார் கேட்டாங்க, அவங்க கேட்டது நியாயம்தானே. அங்க விளையறத, அங்க இருக்கறவங்க சாப்பிடறத சாப்பிடணும். அப்புறம் ஒயின் எங்க வாங்கறது, நம்ம காரத்துக்கு எது ஒத்துப் போகும்னும் சொல்லுங்க ப்ளீஸ்.

குன்னூர்_பனிமூட்டம்:
அக்கா வாங்க வாங்க. நான் பொறந்து வளந்ததே குன்னூர்தான். முதல்ல மலை ஏறும்போது வயிற நிரப்பாதீங்க, கோயம்புத்தூர்ல அன்னபூர்ணால இட்லி சாம்பாரோட நிறுத்திக்கோங்க, நெய்ப் பொங்கலும் பூரியும் உள்ள போச்சுன்னா கொண்டை ஊசி வளைவுல பெரியவங்க கஷ்டப்படுவாங்க. மலை ரயில்ல டிக்கெட் கெடச்சா அதுலயே வாங்க, வழியில ஹில்குரோவ்ல நிக்கும்போது ஒரு டீ அடிச்சுக்கலாம், ஆனா தின்கற பொருள் எதையும் கையில பிடிச்சிட்டு நிக்காதீங்க, குரங்கு விடாது.

நீங்க ஜனவரில வர்றீங்க பாருங்க, அதுதான் விஷயமே. எங்க மலையோட ஒயின்னா அது டீதான் அக்கா. டிசம்பர் ஜனவரில ராத்திரி உறைபனி விழும், செடி மெதுவாதான் துளிர் விடும், அப்போ பறிக்கற இலையில வாசனை தூக்கலா இருக்கும், ஃப்ராஸ்ட் டீன்னு தனியாவே விக்கறாங்க. கடையில போய் சும்மா டீத்தூள்னு கேட்டா சிடிசி தூளதான், அதாவது மெஷின்ல நசுக்கிக் குருணையா சுருட்டினத, எடுத்துக் குடுப்பாங்க, அது பால் டீக்கு நல்லா இருக்கும், உங்களுக்கு வேணும்னா ஆர்த்தடாக்ஸ் (இலைய நசுக்காம உருட்டிப் பண்ற டீ), விண்டர் டீ இருக்கான்னு கேளுங்க. கொரகுந்தா, சாம்ராஜ் எஸ்டேட் டீ கெடச்சா வாங்கிக்கோங்க. பால், சர்க்கரை போடாம மூணு நிமிஷம் மூடி வச்சு வடிகட்டிப் பாருங்க, தேன் கலர்ல தெளிவா இருக்கும், முதல் வாய்லயே பூ வாசனை மூக்குக்கு ஏறும். நீலகிரி டீ ஆறினாலும் சீக்கிரம் கலங்காது, ஐஸ் டீ போடறவங்க இத தேடி வாங்கறது அதுக்குத்தான்.

கூட வர்க்கி, அதான் எங்க ஊரு மொறுமொறு பிஸ்கட், அது இல்லாம டீ குடிக்காதீங்க. ஊட்டி வர்க்கிக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சது. பாக்கெட்ல அடைச்சு தொங்கவிட்டது வேண்டாம், விறகு அடுப்புல சுடற பேக்கரியா பாத்து அன்னைக்கு போட்டத கேளுங்க. நல்ல வர்க்கின்னா விரல்ல அழுத்தினதும் மொறுமொறுன்னு ஏடு ஏடா உடையும், டீல முக்கினா வெளிய ஊறி உள்ள மட்டும் மொறுமொறுப்பு நிக்கும், நெய்ப்பசை நாக்குல ஒட்டாது.

குன்னூர்ல ஏக்கர்ஸ் வைல்ட்னு ஒரு சீஸ் பண்ணை இருக்கு, அங்கயே மாடு வளத்து அங்கயே சீஸ் போடறாங்க. முன்னாடியே ஃபோன் பண்ணி கேட்டுட்டுப் போங்க. உங்க வீட்டுக்காரர் ஒயினுக்கு அத விட நல்ல ஜோடி இந்த மலையில கெடைக்காது.

ஊட்டில மதியம்னா எனக்கு ஷின்கோஸ்தான், கமிஷனர்ஸ் ரோட்ல 1954ல இருந்து நடக்கற சைனீஸ் ஹோட்டல். சைனீஸ் வேண்டாம்னு சொன்னீங்க, புரியுது, ஆனா எத்தனையோ வருஷமா எங்க அப்பா தலைமுறைல இருந்து ஊட்டிக்காரங்க விசேஷம்னா போய் உக்காந்த இடம், அதுவும் இந்த மலையோட சாப்பாடுதான்னு நான் சொல்லுவேன். மாமியாருக்கு சேரிங் கிராஸ்ல நாஹர் சைட்வாக் கஃபே, முழு சைவம், பீட்சா அருமையா இருக்கும்.

திராட்சைத்_தோட்டம்:
ஒயின் பத்தி நான் சொல்றேன் சகோதரி, இருக்கறது பெங்களூர், நந்தி ஹில்ஸ் பக்கம் அடிக்கடி போற ஆள். முதல்ல நடைமுறை. தமிழ்நாட்டுல பாட்டில் வாங்க டாஸ்மாக்தான், மதியம் 12ல இருந்து ராத்திரி 10 வரைக்கும். திருவள்ளுவர் தினத்துக்கு கடை மூடிருக்கும், நீங்க பொங்கல் லீவுல போறதால முன்னாடியே வாங்கி வச்சிடுங்க, போற வழியில கோயம்புத்தூர்ல டாஸ்மாக்கோட எலைட் கடையில (உசந்த சரக்கு விக்கற கடை) பாத்தா ஒயின் வகை கொஞ்சம் கூடுதலா இருக்கும். கர்நாடகால இருந்து யாராவது கொண்டு வர்றேன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க, செக்போஸ்ட்ல பிடுங்கிடுவாங்க. நீலகிரில வாங்கற பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்குவாங்க, காலி பாட்டில திருப்பிக் குடுத்தா அந்தக் காச திருப்பித் தருவாங்க, 2022ல அங்கதான் முதல்ல இத ஆரம்பிச்சாங்க. தயவு செஞ்சு திருப்பிக் குடுங்க, காட்டுல வீசற பாட்டில் உடைஞ்சு யானை காலக் கிழிக்குது. சாதா ஹோட்டல்ல பாட்டில் திறக்க முடியாது, லைசென்ஸ் கெடையாது, அதனால ஹோம்ஸ்டே ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அங்கயே வச்சுக்கோங்க. குடிச்சிட்டு அந்த ரோட்ல வண்டிய எடுக்கவே கூடாது, ஒரு கிளாஸ்னாலும்.

இப்போ ருசி. காரத்தோட துவர்ப்பான ரெட் ஒயின் சேராது, மிளகாய் எரிச்சலும் அந்தத் துவர்ப்பும் சேந்து நாக்க வறட்டிடும், மசாலா வாசனையே தெரியாது. காரக் குழம்புக்கு சுலா கம்பெனியோட செனின் பிளாங்க்ங்கற ஒயிட் ஒயின் எடுங்க, லேசா இனிப்பு, நல்ல புளிப்பு, அடுத்த வாய் சாப்பாட்ட அதுவே கூப்பிடும். திருகு மூடிதான், ஓப்பனர் தேட வேண்டாம். சீஸுக்கு சாவிஞான் பிளாங்க், அதுவும் ஒயிட்தான். மாமனாரோட மட்டன் சுக்கா, மிளகு வறுவல் மாதிரி ட்ரையா இருந்தா குரோவர் லா ரிசர்வ்ங்கற ரெட் ஒயின், கேபர்னே, ஷிராஸ்னு ரெண்டு திராட்சையும் கலந்தது, நந்தி ஹில்ஸ் பக்கத்து ஒயின், நான் ரொம்ப மதிக்கறது.

இன்னொண்ணு, சமவெளில ரெட் ஒயின நாம சூடா குடிச்சுக் கெடுக்கறோம், 30 டிகிரி ரூம்ல ஊத்தினா ஆல்கஹால் வாசனைதான் முன்ன நிக்கும். குன்னூர்ல ஜனவரி ராத்திரி அந்தப் பிரச்சினையே இல்ல, இன்னும் சொல்லப் போனா ரூமே ரொம்பக் குளிரா இருக்கும், ரெட்ட கிளாஸ்ல ஊத்தி உள்ளங்கையில கொஞ்ச நேரம் பொத்தி வச்சுட்டு அப்புறம் குடிக்கச் சொல்லுங்க. ஒயிட்ட ஜன்னல் ஓரமா வச்சாலே போதும்.

கோத்தகிரி_ஹட்டி:
அக்கா, நான் கோத்தகிரி பக்கம், படுகர் வீட்டுப் பொண்ணு. எங்க சாப்பாடு ஹோட்டல் மெனுல பெருசா இருக்காது, அது வீட்டுச் சாப்பாடு, அதனாலதான் வர்றவங்களுக்குத் தெரியாமலே போயிடுது, எனக்கு அதுல நெஜமாவே வருத்தம். நீங்க ஹோம்ஸ்டே எடுத்திருக்கீங்கல்ல, சமைக்கறவங்க எங்க ஆளுங்களான்னு கேளுங்க. ஆமான்னா முந்தின நாளே சொல்லிடுங்க, ஏன்னா காஞ்ச அவரைக் கொட்டைய ராத்திரியே ஊறப் போடணும், இந்த உயரத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும் ஆனா சூடு பத்தாது, ஊட்டில எல்லாம் 93 டிகிரி கூட வராது, பருப்பும் கொட்டையும் வேக நேரம் எடுக்கும். அவரையும் உருளைக்கிழங்கும் போட்டு, வீட்ல வறுத்து அரைச்ச மசாலாப் பொடில வைக்கற குழம்பு, கூட ராகிக் களி, கீரை. களிய கையில கிள்ளி நடுவுல குழி பண்ணி குழம்ப மொண்டு அப்படியே முழுங்கணும். உங்க மாமியாருக்கு இது பிடிக்கலன்னா நான் ஆச்சரியப்படுவேன். அதே பொடில மட்டனும் வைப்போம், மாமனார் கவலையும் தீந்தது.

காய்கறி வாங்கறதா இருந்தா கேரட்ட இலையோட வாங்குங்க, பச்சையாவே கடிச்சுத் தின்னலாம். கோத்தகிரில லாஸ்ட் ஃபாரஸ்ட் கடை இருக்கு, குறும்பர் மாதிரி பழங்குடி ஆளுங்க பாறையில இருந்து எடுக்கற காட்டுத் தேன் கெடைக்கும், லேசா கசக்கற தேனும் இருக்கும், ருசி பாத்து வாங்குங்க. அப்புறம் பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் இங்க தடை, ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் கொண்டு வாங்க. ஹெத்தையம்மன் பண்டிகையும் டிசம்பர் கடைசி, ஜனவரிலதான் வரும், வெள்ளை உடுத்தி எல்லாரும் நடந்து போவாங்க, வண்டிய நிறுத்தி வழி விடுங்க.

உறையூர்_பொண்ணு:
மூணு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, மாமியார்கிட்ட படிச்சுக் காட்டினேன், ராகிக் களின்னதும் எழுந்து உக்காந்துட்டாங்க. ஹோம்ஸ்டேக்கு ஃபோன் போட்டேன், கோத்தகிரில சமைக்கற அம்மா படுகர்தானாம், அவரை ஊறப் போடறேன்னு சொல்லிட்டாங்க. ஒரே ஒரு டவுட், அந்த அவரைக் குழம்புக்கும் செனின் பிளாங்க் சரியா வருமா, இல்ல வேற ஏதாவதா?

திராட்சைத்_தோட்டம்:
வரும். ஆனா அவரையோட மாவுத்தன்மைக்கு நல்லா ஜில்லுன்னு இருக்கணும், ஜன்னல் ஓரம் பத்தாது, சாப்பிட முன்னாடி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க.

கோத்தகிரி_ஹட்டி:
எங்க வீட்ல அதுக்கு மோர்தான். வீட்டுக்காரர் ரெண்டையும் வச்சுப் பாக்கட்டும், வந்து எழுதுங்க அக்கா.