நேரலைப் பதிவைப் பார்த்து மத்தியஸ்தரின் தீர்ப்பை மாற்றுவது நியாயமா?

கரைச்சிப் பார்வையாளர் (கிளிநொச்சி) கேட்டது:

வணக்கம். எங்கள் பகுதிக் கழகங்களுக்கிடையே நடைபெற்ற உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் அரையிறுதியில், வெற்றியைத் தீர்மானித்த கோலுக்கு முன்னர் பந்து அதை அடித்தவரின் கையில் பட்டிருந்தது. இரண்டு பின்கள வீரர்கள் மறைத்துக்கொண்டு நின்றதால், மத்தியஸ்தருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் முகநூல் நேரலைக்காக எடுக்கப்பட்ட பதிவில் அது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. அன்றிரவே அந்தக் காட்சி முல்லைத்தீவு தொடக்கம் மன்னார் வரை கைத்தொலைபேசிகளில் சுற்றி வந்துவிட்டது. தோற்ற அணியின் மேன்முறையீட்டை ஏற்பாட்டுக் குழு நிராகரித்தது. எனினும் அடுத்த ஆண்டு முதல் அரையிறுதி, இறுதி ஆட்டங்களில் நேரலைப் பதிவைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றுவதற்கு மத்தியஸ்தருக்கு அனுமதி வழங்கலாமா என்று இப்போது ஆலோசித்து வருகிறது.

எனக்கு இது அவசியமான மாற்றமாகவே படுகிறது. 1986 உலகக் கிண்ணக் காலிறுதியில் மரடோனா கையால் தட்டிய பந்து கோலாக எழுதப்பட்டது. 2009ஆம் ஆண்டு பிரான்ஸ் வீரர் தியரி ஹென்றி கையால் அடக்கிக் கொடுத்த பந்திலிருந்து வந்த கோல் அயர்லாந்தின் உலகக் கிண்ண வாய்ப்பைப் பறித்தது. அடுத்த ஆண்டே ஜேர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லம்பார்ட் அடித்த பந்து கோட்டை நன்றாகக் கடந்து விழுந்தும் கோல் வழங்கப்படவில்லை. இவற்றை வீட்டிலிருந்து பார்த்த எல்லோருக்கும் உண்மை தெரிந்திருந்தது. தீர்ப்பு வழங்க வேண்டியவருக்கு மட்டும் தெரியவில்லை. வயலிலும் கடலிலும் வேலை முடித்து மாலையில் பயிற்சிக்கு வரும் எங்கள் இளைஞர்களின் ஓராண்டு உழைப்பு, ஊருக்கே தெரிந்த ஒரு பிழையினால் வீணாவதை நாம் ஏற்கத்தான் வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் குழுவிடம் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற மத்தியஸ்தர் (வவுனியா) எழுதியது:

தம்பி, உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆயினும் உலகக் கிண்ணத்தில் பயன்படும் முறையையும் நமது மைதானத்தில் ஒருவர் கையில் வைத்திருக்கும் தொலைபேசியையும் ஒன்றாகக் கருதுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

2018 மார்ச்சில் வீ.ஏ.ஆர். (காணொளி உதவி மத்தியஸ்தர்) முறை ஆட்ட விதிகளில் சேர்க்கப்பட்டபோது, அது தலையிடக்கூடிய இடங்கள் நான்காக மட்டுப்படுத்தப்பட்டன. அவை கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள்மாறி அட்டை காட்டுதல் என்பன. அந்த நான்கிலும்கூட, தெளிவான, வெளிப்படையான தவறு நடந்திருந்தால், அல்லது பாரதூரமான சம்பவம் ஒன்றை மத்தியஸ்தர் காணத் தவறியிருந்தால் மட்டுமே தீர்ப்பை மீளப் பார்க்கலாம். அதே ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கிண்ணத்தில், மொஸ்கோவில் அமர்ந்திருந்த குழுவுக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் 33 ஒளிபரப்புக் கமராக்களின் காட்சிகள் கிடைத்தன. இரு முனைகளிலுமுள்ள கோல் கம்பங்களையும் ஒரே அளவு தெளிவுடன் பார்க்க முடிந்தது.

நமது ஊரில் நேரலை எடுப்பவர் எங்கே நிற்கிறார்? பெரும்பாலும் விருந்தினர் பந்தலுக்கு அருகே, அலைவரிசை கிடைக்கும் இடத்தில், ஒரே ஒரு கமராவுடன். அவருக்கு அண்மையிலுள்ள கோலில் நடப்பது துல்லியமாகப் பதிவாகும். மறுமுனையில் நடப்பது புழுதிக்குள் அசையும் உருவங்களாக மட்டுமே பதிவாகும். இடைவேளையின் பின்னர் அணிகள் பக்கம் மாறுவதால் இது சமப்படும் என்று சிலர் வாதிடுவார்கள். ஆட்டத்தைத் தீர்மானிக்கும் சம்பவங்கள் அப்படிப் பாதிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டு நிகழ்வதில்லை. மத்தியஸ்தரின் கண் தவறும்போது அது எந்த அணிக்கும் எதிராகத் தவறலாம். ஒற்றைக் கமராவோ அதற்குப் பிடித்த முனையில் நடக்கும் பிழையை மட்டும் திருத்தி, மற்றைய முனையில் நடக்கும் பிழையைக் காப்பாற்றிவிடும். அது மட்டுமன்றி, பதிவு செய்பவர் எந்தக் கழகத்தின் ஆதரவாளர், எந்தக் கணத்தில் கமராவைத் திருப்பினார் என்ற கேள்விகளும் அன்று மாலையே எழும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பந்து எங்கே பட்டது, கால் எங்கே மோதியது என்பதை அறிய மட்டுமே மெதுவாக ஓடும் காட்சியைப் பயன்படுத்த வேண்டும் என்றும், மோதலின் கடுமையையும் கையில் பட்டது குற்றமா என்பதையும் இயல்பான வேகத்தில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றும் வீ.ஏ.ஆர். வழிகாட்டல் கூறுகிறது. மெதுவாக ஓட்டினால் தற்செயலான அசைவும் திட்டமிட்டதுபோலத் தோன்றும். கைத்தொலைபேசிகளில் சுற்றி வரும் துண்டுகள் அனேகமாக மெதுவாக்கப்பட்டவைதான்.

மன்னார்க் கரை எழுதியது:

ஐயா, தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன்; ஆனால் முடிவோடு உடன்பட முடியவில்லை. இரு கோல்களுக்கும் சமமான கமரா கிடைக்கும்வரை கண்முன் தெரியும் பிழையையும் திருத்தக்கூடாது என்றால், பணமில்லாத விளையாட்டரங்குகளுக்கு நியாயம் ஒருபோதும் வராது.

மத்தியஸ்தர்களின் பக்கமிருந்தும் இதைப் பாருங்கள். எங்கள் கரையோர மைதானங்களில் சர்ச்சைக்குரிய ஒரு தீர்ப்புக்குப் பிறகு அவர் பாதுகாப்பாக வெளியேறுவதே சில வேளைகளில் பெரும்பாடாகிவிடுகிறது. பார்வையாளர்கள் கையில் காட்சியை வைத்துக்கொண்டு அவரைக் கள்வர் என்று ஏசுகிறார்கள். அவருக்கோ அதே காட்சியைப் பார்க்க அனுமதியில்லை. பிழை செய்யக்கூடிய ஒரு மனிதரிடம் உதவியைத் தராமல் பழியை மட்டும் சுமத்துவது எவ்வகையில் நியாயம்? 2024இல் வீ.ஏ.ஆரை நீக்க வேண்டும் என்று வுல்வ்ஸ் கழகம் தீர்மானம் கொண்டுவந்தபோது, இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கிலுள்ள மற்றைய 19 கழகங்களும் எதிராகவே வாக்களித்தன. அம்முறையால் பாதிக்கப்பட்ட கழகங்களும் அவற்றுள் இருந்தன. குறைகளை அறிந்துகொண்டே அது வேண்டும் என்றார்கள்.

முள்ளியவளை வாசகர் எழுதியது:

எவ்வளவு கமரா இருந்தாலும் இறுதியில் முடிவெடுப்பவர் மனிதர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. 2023 செப்டெம்பரில் டொட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூல் வீரர் லூயிஸ் டியஸ் அடித்த கோல் ஓஃப்சைட் (பந்து கொடுக்கப்பட்ட கணத்தில் விதி அனுமதிக்காத அளவு முன்னால் நின்றது) என்று மறுக்கப்பட்டது. காணொளி அறையில் இருந்தவர்கள் சரியாகவே பார்த்தார்கள். ஆனால் மைதானத்தில் கோல் வழங்கப்பட்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, பரிசீலனை முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். பிழையை உணர்ந்தபோது ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டது. விதிப்படி திரும்பிச் செல்ல முடியவில்லை. 2020 ஜூனில் அஸ்டன் வில்லா கோல்காப்பாளர் பந்தைக் கட்டிப் பிடித்தபடி கோட்டுக்கு உள்ளே சென்றபோது, வீரர்களும் கோல் கம்பமும் மறைத்ததால் கோல்கோட்டுத் தொழில்நுட்பத்தின் ஏழு கமராக்களும் அதைத் தவறவிட்டன. ஷெஃபீல்ட் யுனைட்டட் அணிக்குக் கிடைத்திருக்க வேண்டிய கோல் கிடைக்கவில்லை.

ஆயினும் நமக்குப் பொருந்தக்கூடிய நடுவழி ஒன்று இருக்கிறது. குறைந்த எண்ணிக்கையான கமராக்கள் மட்டுமே உள்ள போட்டிகளுக்காக பீஃபா ஓர் எளிய முறையைப் பரிசோதித்து வருகிறது. 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணத்தில் அது பயன்பட்டது. அதில் காணொளி அறையோ, தனியான வீ.ஏ.ஆர். குழுவோ இல்லை. ஒவ்வொரு பயிற்றுநருக்கும் ஓர் ஆட்டத்தில் இரண்டு முறை மீள்பார்வை கோரும் உரிமை உண்டு. கோரிக்கை சரியென்று நிரூபணமானால் அந்த வாய்ப்பு அவரிடமே இருக்கும். மத்தியஸ்தர் கோட்டோரத் திரைக்குச் சென்று தாமே பார்த்து முடிவெடுப்பார். இதில் எனக்குப் பிடித்தது, பார்க்க வேண்டிய தருணத்தைக் கூட்டத்தின் கூச்சல் தீர்மானிப்பதில்லை என்பதுதான். இரு அணிகளுக்கும் ஒரே அளவு உரிமை. அதை எப்போது செலவிடுவது என்பது அவரவர் பொறுப்பு.

கரைச்சிப் பார்வையாளர்:

மூவருக்கும் நன்றி. பயிற்றுநருக்குக் கோரிக்கை உரிமை வழங்கும் முறை குழுவில் எடுபடும் என்று நம்புகிறேன். கமரா விடயத்தில் வவுனியா ஐயா சொன்னதற்கு மறுப்பில்லை. இரு கோல்களுக்கும் பின்னால், எந்தக் கழகத்தையும் சாராதவர்களின் பொறுப்பில், முக்காலியில் பொருத்திய ஒவ்வொரு கமராவை வைத்தால் தாங்கள் ஏற்பீர்களா?

ஓய்வுபெற்ற மத்தியஸ்தர் (வவுனியா):

கோலையும் பெனால்டியையும் பொறுத்தவரை ஏற்பேன். ஓஃப்சைட்டுக்கு வேண்டாம், கோலுக்குப் பின்னாலிருந்து பார்த்து, எவர் ஓரடி முன்னால் நின்றார் என்று சொல்ல முடியாது. அதைக் கோட்டோடு சேர்ந்து ஓடும் உதவி மத்தியஸ்தரிடமே விட்டுவிடுங்கள். மன்னார்த் தம்பி சொன்ன பாதுகாப்பு விடயம் உண்மைதான். ஆகையால் திரையைப் பந்தலுக்குள் வைக்காமல், கயிறு கட்டிய தனியிடத்தில் வையுங்கள். ஆட்டம் மீண்டும் தொடங்கிய பின்னர் கோல் தீர்ப்பு மாறாது, ஆட்டம் முடிந்த பின்னர் எந்தப் பதிவும் மேன்முறையீட்டுக்கு ஏற்கப்படாது என்ற இரண்டையும், குலுக்கலுக்கு முன்னரே எழுதி ஒவ்வொரு கழகத்தின் செயலாளரிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள். ஏதேனும் ஒரு கழகம் கையொப்பமிட மறுத்தால், அந்த ஆண்டு கமரா இல்லாமலே நடத்துங்கள்.