ஓட்டத்தில் டைமிங் பெல்ட் அறுந்த டீசல் கார்: புது பெல்ட் மட்டும் போட்டுப் பார்க்கலாமா?

கேள்வி:
வணக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய காராக வாங்கிய என் 1.5 லிட்டர் டீசல் வண்டி, சென்ற ஞாயிறன்று உளுந்தூர்பேட்டையைத் தாண்டி 80 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, முன்கூட்டி எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாமல், ‘டப்’ என்ற ஒலியுடன் அணைந்துவிட்டது. இறுகிப்போன ஸ்டீயரிங்கோடு போராடி ஓரங்கட்டினேன். மறுபடி சாவியைத் திருப்பியபோது ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட எளிதாகச் சுழன்றது. ஓடியது 1,12,000 கி.மீ.; முந்தைய உரிமையாளர் டைமிங் பெல்ட் (கிராங்கின் சுழற்சியைக் கேமுக்குக் கடத்தும் பட்டை) மாற்றினாரா என்பதற்குச் சான்றில்லை. அது அறுந்துவிட்டது, புது பெல்ட் போட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போம் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். டீசல் இன்ஜினில் காற்றை மிகவும் நெருக்கிச் சூடேற்ற வேண்டியிருப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும், வால்வுகள் அமைந்த மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளியே மிஞ்சும். பெல்ட் அறுந்ததும், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் நின்றுவிடும். ஆனால் ஓடும் வண்டியின் சக்கரங்கள் பிஸ்டன்களை இயக்கும் கிராங்கைத் தொடர்ந்து சுழற்றுவதால், திறந்தபடி நின்ற வால்வுகளில் பிஸ்டன் மோதும். ஸ்டார்ட்டர் எளிதாகச் சுழன்றதை மட்டும் வைத்து வால்வு வளைந்ததென்று முடிவு கட்ட முடியாது. கேம் நின்றிருந்தாலே கம்ப்ரெஷன் (சிலிண்டரில் காற்று நெருக்கப்படுவது) குறைந்துவிடும். சில இன்ஜின்களில் கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர் ஆர்ம் உடைந்து வால்வைக் காப்பாற்றுவதும் உண்டு. ஆனாலும் 80 கி.மீ. வேகத்தில் அறுந்ததென்றால் நேராக ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதே சரி என்பேன். வளைந்த வால்வோடு ஸ்டார்ட் செய்து அதன் தலை முறிந்து விழுந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்து போகும்.

மறுமொழி 2:
ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டன் தலையில் பிறை வடிவத் தழும்பு இருக்கிறதா என்று நீங்களே அருகில் நின்று பாருங்கள். போர்ட்டுகள் (வால்வுகளுக்குச் செல்லும் காற்று, புகை வழிகள்) மேல்நோக்கி இருக்கும்படி ஹெட்டைச் சாய்த்து வைத்து, அவற்றில் பெட்ரோல் ஊற்றச் சொல்லுங்கள். எந்த வால்வின் விளிம்பில் கசிகிறதோ அது சரியாக அமரவில்லை. அதைவிட முக்கியம், அறுந்த பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. எண்ணெய் ஊறியிருந்தால் கேம் சீல் (கேம் தண்டைச் சுற்றிய எண்ணெய்த் தடுப்பு வளையம்) கசிந்திருக்கலாம். ஒரு பக்க விளிம்பு மட்டும் பிய்ந்திருந்தால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ, அதை வழிநடத்தும் உருளையான ஐட்லரோ, அந்த பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்போ கோணலாகியிருக்கலாம். காரணம் தெரியாமல் பூட்டினால் புது பெல்ட்டும் அறுந்துவிடும்.

மறுமொழி 3:
வழக்கமான மோட்டார் காப்பீட்டு பாலிசி இயந்திரக் கோளாறை ஏற்பதில்லை. செலவைக் கணக்கிடும்போது இதை மனத்தில் கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஹெட்டைக் கழற்றினோம். 8 வால்வுகளில் 5 வளைந்திருந்தன. பிஸ்டன்களில் மேலோட்டமான தழும்புகள் மட்டுமே. பெல்ட்டின் உள்விளிம்பு நார்நாராகப் பிரிந்திருந்தது. வாட்டர் பம்பின் தண்டைக் கையால் அசைத்தபோதே ஆடியது. அடியில் கூலன்ட் காய்ந்து படிந்திருந்தது. பம்ப், டென்ஷனர், ஐட்லர், ஹெட் போல்ட்டுகள், கேஸ்கட் அனைத்தையும் புதிதாகப் போடச் சொல்லி, மாற்றிய தேதியையும் கி.மீ. கணக்கையும் பெல்ட் கவரின் மேல் எழுதி ஒட்டும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.