டூமுக்கு முன்னாடி மாடிங் இருந்ததா? இந்த வரலாற்றை எங்கிருந்து ஆரம்பிக்கறது?

சேவ்ஃபைல்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா ஸ்கைரிம்ங்கற விளையாட்டுல மாட் (ரசிகர்கள் செஞ்ச மாற்றம்) போட்டு ஆடிட்டு இருக்கேன். மரம், மழை, ஊர்க்காரங்க பேச்சு எல்லாத்தையும் முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து மாத்தி வச்சிருக்காங்க, பைசா வாங்காம. இந்த மாடிங் எப்படித் தொடங்குச்சுன்னு தேடினா எங்க பார்த்தாலும் "டூம்ங்கற துப்பாக்கி விளையாட்டுதான் ஆரம்பம்"னு ஒரே வரி. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையா?

இன்னொண்ணு. கவுன்டர்-ஸ்ட்ரைக், டோட்டா, பப்ஜி மூணு விளையாட்டுமே மாட்ல இருந்து வந்ததுதான்னு சொல்றாங்க. பெரிய ஸ்டுடியோவுக்கு ஆள் இருக்கு, காசு இருக்கு. அவங்களுக்குத் தோணாதது சம்பளமே இல்லாத ரசிகர்களுக்கு எப்படித் தோணுச்சு? விவரம் தெரிஞ்சவங்க விரிவாவே சொல்லுங்க, பொறுமையா படிக்கறேன்.

பிக்சல்பூச்சி

இருந்துச்சு சகோ. ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு 1981ல வந்த காசில் வுல்ஃபென்ஸ்டைன்ல நாஜிக் காவலர்களைத் தூக்கிட்டு நீல நிற கார்ட்டூன் ஸ்மர்ஃப்களைப் போட்டு காசில் ஸ்மர்ஃபென்ஸ்டைன்னு சுத்துல விட்டாங்க. 1983ல லோட் ரன்னர் வந்தப்போ லெவல் செய்யற கருவியும் (எடிட்டர்) கூடவே வந்துச்சு, அதனால ஆடினவங்களே லெவல் செய்ய ஆரம்பிச்சாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மிஸ் பேக்-மேன் கதை. ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன்னு ஒரு சின்ன கம்பெனி, ஆர்கேட் மெஷினுக்குள்ள சொருகற கூடுதல் போர்டு செஞ்சு வித்துட்டு இருந்தாங்க. மிஸைல் கமாண்டுக்கு அப்படி ஒண்ணு செஞ்சதுக்கு அடாரி கேஸ் போட்டுச்சு. அதே ஆளுங்க பேக்-மேனுக்குச் செஞ்சதுதான் கிரேஸி ஓட்டோ. அதை, அமெரிக்காவுல பேக்-மேனை வித்த மிட்வே கம்பெனி எடுத்து 1982ல மிஸ் பேக்-மேன்னு வெளியிட்டாங்க. அசல் விளையாட்டோட அடுத்த பாகமாவே ஒரு மாட் கடைக்கு வந்தது அப்பவே நடந்துடுச்சு.

பழையவட்டு

பிக்சல்பூச்சி சொன்னதெல்லாம் சரி. இருந்தாலும் எல்லாரும் டூமையே கை காட்டுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் ஒரு கோப்பின் அமைப்பில் இருக்கிறது.

டூமைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனமே உருவாக்கி 1992ல் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டியையும் ரசிகர்கள் பிரித்து மேய்ந்தார்கள். ஆனால் ஒரு லெவலை மாற்ற வேண்டுமென்றால் அசல் கோப்பின் மேலேயே எழுத வேண்டும். பழசு போய்விடும். 1993 டிசம்பர் 10 அன்று டூம் வந்தபோது ஐடியின் நிரலாளர் ஜான் கார்மாக் இதைச் சரிசெய்திருந்தார். விளையாட்டை ஓட்டும் நிரல் தனியாகவும், படம், ஒலி, வரைபடம் எல்லாம் வாட் என்ற கோப்பில் தனியாகவும் இருந்தன. ரசிகர் செய்த வாட்டை அசலைத் தொடாமல் கூடவே ஏற்றிக்கொள்ளலாம்.

ஒரு வாட் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் மென்பொருள்) திறந்து பாருங்கள். முதல் 4 பைட்டில் ஐவாட் என்றோ பிவாட் என்றோ எழுத்தாகவே இருக்கும். முன்னது அசல், பின்னது ஒட்டு. அடுத்த 4 பைட்டில் உள்ளே எத்தனை துண்டுகள் என்ற எண்ணிக்கை. அதற்கடுத்த 4ல், துண்டுகளின் பட்டியல் கோப்பில் எங்கே தொடங்குகிறது என்ற விவரம். பட்டியலில் ஒவ்வொரு துண்டுக்கும் 16 பைட்: அது இருக்கும் இடம், அதன் அளவு, 8 எழுத்துக்கு மிகாத ஒரு பெயர். அவ்வளவுதான், ஒரு மாலையில் புரிந்துகொள்ளலாம்.

இனிமேல்தான் விஷயமே. டூம் ஒரு துண்டைப் பெயர் சொல்லித் தேடும்போது பட்டியலைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் பார்த்து வரும். நீங்கள் ஏற்றிய வாட் கடைசியாக வந்தது என்பதால், அதில் இ1எம்1 (முதல் லெவலின் பெயர்) என்று ஒரு வரைபடம் இருந்தால் அதுதான் முதலில் கையில் சிக்கும். அசல் இ1எம்1 அதே இடத்தில் பத்திரமாகக் கிடக்கும். 1997 டிசம்பரில் மூல நிரலை வெளியிட்டபோது, ஒட்டுக் கோப்புகளுக்கு முன்னுரிமை கிடைக்கவே பின்னாலிருந்து தேடுகிறோம் என்று அந்த இடத்தில் குறிப்பே எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முன்பின் தெரியாத ஒருவர் என்றைக்கோ வருவார் என்று எண்ணித் திறந்து வைத்த வாசல் அது.

வந்தார்கள். 1994லேயே டியூ என்ற எடிட்டர் கிடைத்தது. அதைச் செய்தவர்களில் பிரெண்டன் வைபர் நியூசிலாந்துக்காரர், ரஃபேல் கினே பெல்ஜியத்துக்காரர். இணையத்தில் கோப்புகளை அனுப்பியே வேலை நடந்தது. அதே ஆண்டு ஜஸ்டின் ஃபிஷர், ஏலியன்ஸ் படத்தை வைத்து டூமை ஆளே அடையாளம் தெரியாதபடி மாற்றினார். ஐடி வைத்த முக்கியமான வேண்டுகோள், இலவசப் பதிப்பில் இவை ஓடக்கூடாது, காசு கொடுத்து வாங்கிய பதிப்பில்தான் ஓட வேண்டும் என்பது. நியாயமான வேண்டுகோள், பெரும்பாலோர் மதித்தார்கள். 1996ல் ஐடி ஃபைனல் டூம் என்று விற்றதே ரசிகர்கள் செய்த இரண்டு லெவல் தொகுப்புகளைத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரசிகர்களின் வாட்களைச் சேர்த்து வைக்கும் ஐடிகேம்ஸ் என்ற இணையக் காப்பகத்தில் வாட் ஒவ்வொன்றுடனும் ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். அதற்கென்று ஒரு படிவம் உண்டு. செய்தவர் பெயர், எதை அடிப்படையாக வைத்துச் செய்தது, கட்ட எடுத்த நேரம், பயன்படுத்திய எடிட்டர், தெரிந்த பிழைகள். கீழே, மற்றவர்கள் இந்த லெவலை அடிப்படையாக வைத்துப் புதிதாகச் செய்யலாமா கூடாதா என்று ஒரு வரி. வக்கீல் வைத்து எழுதியதல்ல, ரசிகர்கள் தங்களுக்குள் பழக்கமாக்கிக்கொண்டது. யாரிடமிருந்து எடுத்தோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்று இரண்டையும் எழுதி வைக்கும் இந்தப் பழக்கம் வாட் கோப்புக்குச் சமமான கண்டுபிடிப்பு என்பது என் கருத்து.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஸ்டுடியோக்காரர்களுக்கு யோசனை வராமல் இல்லை. ஒரு யோசனையைச் சோதிக்க அவர்கள் எஞ்சின், படங்கள், ஒலி என்று எல்லாவற்றையும் கட்டி முடிக்க வேண்டும். பிறகு அதை யாராவது வாங்கவும் வேண்டும். மாடருக்கு அதெல்லாம் தயாராக இருக்கிறது, ஆட ஆட்களும் இருக்கிறார்கள். அவர் ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றிப் பார்த்தால் போதும். பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. பெரும்பாலான மாட்கள் பாதியில் நின்றே போகின்றன. அந்தக் குவியலிலிருந்துதான் ஒன்றிரண்டு மேலே வருகின்றன.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மின் லே, ஜெஸ் கிளிஃப் இருவரும் வால்வ் நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மேல் செய்தது, 1999 ஜூனில் முதல் பீட்டா. அன்றைய துப்பாக்கி விளையாட்டுகளில் செத்தால் அடுத்த நொடியே எழுந்து ஓடலாம். இங்கே செத்தால் சுற்று முடியும்வரை மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். போன சுற்றில் சம்பாதித்ததை வைத்துத்தான் அடுத்த சுற்றுக்குத் துப்பாக்கி. முடிவெடுக்கும் கூட்டத்தில் "தோற்றவனைச் சும்மா உட்கார வைப்போம்" என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வார்களா? ஆடியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பயம்தான் ஒவ்வொரு மூலையையும் கனமாக்கியது. 2000ல் வால்வ் அதைத் தன் பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. ஐடியின் குவேக் விளையாட்டில் டீம் ஃபோர்ட்ரஸ் என்ற மாடைச் செய்த ஆஸ்திரேலியர்களை அதற்கு முன்பே வேலைக்கும் எடுத்திருந்தது.

டோட்டா கதை வேறு மாதிரி. பிளிஸார்ட் நிறுவனத்தின் ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டில் ஏயான் ஆஃப் ஸ்ட்ரைஃப் என்று ரசிகர் செய்த ஒரு வரைபடம். அதன் யோசனையை அதே நிறுவனத்தின் வார்கிராஃப்ட் 3க்கு 2003ல் கொண்டுவந்தவர் யூல் என்ற பெயரில் எழுதியவர். அவருக்குப் பிறகு குயின்சூ, அவருக்குப் பிறகு ஐஸ்ஃப்ராக். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர். ஆட்டத்தில் சேர்ந்தாலே வரைபடம் தானாக உங்கள் கணினிக்கு இறங்கிவிடும், அதனால் ஆடிய ஒவ்வொருவரும் அதைப் பரப்பினார்கள். குயின்சூ ரயட் என்ற நிறுவனத்துக்குப் போய் 2009ல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வந்தது, ஐஸ்ஃப்ராக் வால்வுக்குப் போய் 2013ல் டோட்டா 2 வந்தது. டோட்டா 2க்குள்ளேயே 2019 ஜனவரியில் ஆட்டோ செஸ் என்று ஒரு மாட் முளைத்தது, அதே ஆண்டே ரயட்டும் வால்வும் அதே மாதிரி ஆளுக்கொன்று வெளியிட்டார்கள்.

பப்ஜி ஒரு மாடின் மாடிலிருந்து வந்தது. ஆர்மா 2 என்ற போர் விளையாட்டுக்கு டீன் ஹால் செய்தது டேஇசட், 2012. அதன் மேல் பிரெண்டன் கிரீன் தன் பேட்டில் ராயலைக் கட்டினார். 2017ல் பப்ஜி.

நூலாம்படை

அருமையான பதிவு ஐயா. ஆனா காசைப் பத்தி யாரும் பேசலையே? டியூக் நியூகெம் 3டிக்கு ரசிகர்கள் செஞ்ச 300 லெவலை இணையத்துல இருந்து எடுத்து மைக்ரோ ஸ்டார்ங்கற கம்பெனி சிடி போட்டு வித்துச்சு. உரிமை வச்சிருந்த ஃபார்ம்ஜென் எதிர்த்து நின்னு 1998ல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துல ஜெயிச்சுது. அந்த லெவல் கோப்புகளுக்குள்ள விளையாட்டோட படம் ஒண்ணுகூட இல்ல, எந்தப் படத்தை எங்க வைக்கணும்ங்கற குறிப்பு மட்டும்தான். அப்படியும் அது டியூக் கதையோட தொடர்ச்சிதான்னு தீர்ப்பு. ரெண்டு கம்பெனி மோதினாங்க, லெவல் செஞ்ச ரசிகர்களுக்கு அதுல இடமே இல்ல.

2015 ஏப்ரல்ல வால்வோட இணையக் கடையான ஸ்டீம்ல ஸ்கைரிம் மாட்களுக்கு விலை வச்சாங்களே, அதுல செஞ்சவருக்கு 25 சதவீதம், மீதி வால்வுக்கும் ஸ்கைரிமைச் செஞ்ச பெத்தெஸ்டாவுக்கும். எதிர்ப்பு தாங்காம சில நாள்லயே எடுத்துட்டாங்க. வேலை செஞ்சவன் கால்பங்கு, இடம் கொடுத்தவன் முக்கால் பங்கு. இதைப் பேசாம வரலாறு முழுமையாகாது.

பழையவட்டு

நியாயமான கேள்வி. உழைத்தவருக்குக் காசு போக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. 2015ல் மாடர்களிடையே எழுந்த சண்டையையும் பாருங்கள். என் மாடுக்குள் இன்னொருவர் செய்த அசைவு இருக்கிறது, அதற்குள் வேறொருவரின் நிரல் இருக்கிறது. இலவசமாக இருந்தவரை "நன்றி" என்று ஒரு வரி எழுதினால் போதும். விலை வைத்த நொடியில் யாருக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அதைவிட எனக்குக் கவலை தருவது 2020ல் வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டுடன் வந்த விதி. எடிட்டரில் நீங்கள் செய்யும் எந்த விளையாட்டும் பிளிஸார்டுக்கே சொந்தம் என்று எழுதிவிட்டார்கள். டோட்டா கைநழுவிப் போனது அவர்களுக்கு வலித்திருக்கும், புரிகிறது. ஆனால் டோட்டா வளர்ந்ததே அது யாருடையது என்று யாரும் கேட்காத ஆண்டுகளில்தான். புதிய யோசனை உள்ள ஒருவர் அந்த விதியைப் படித்துவிட்டு அங்கே உட்கார்ந்து ஏன் மாதக்கணக்கில் உழைக்கப் போகிறார்?

சேவ்ஃபைல்

இவ்வளவு விரிவா எழுதினதுக்கு மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த வாட் விவரத்தைப் படிச்சதும் நானே ஒண்ணு செஞ்சு பார்க்கணும்னு தோணுது ஐயா. நிரல் எழுதத் தெரியாது. இன்னிக்குத் தொடங்க முடியுமா?

பழையவட்டு

தாராளமாக. ஃப்ரீடூம் இறக்கிக்கொள்ளுங்கள், அசலை வாங்காமலே ஓடும், படம் ஒலி எல்லாம் தன்னார்வலர்கள் செய்தது. ஓட்டுவதற்கு ஜிஇசட்டூம், வரைய அல்டிமேட் டூம் பில்டர்.

முதலில் ஒரே ஒரு அறை. மேலிருந்து பார்ப்பதுபோல் நான்கு கோடு போட்டு மூடினால் உள்ளே இருக்கும் பரப்புக்குத் தரை உயரமும் கூரை உயரமும் கொடுக்கலாம். அதற்குள் இன்னொரு சின்னச் சதுரம் வரைந்து தரையை உயர்த்தினால் மேடை, உயரத்தைக் கூரைவரை கொண்டுபோனால் தூண். ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை வைக்க அந்தப் பழைய அமைப்பில் முடியாது, அதற்காக மனம் தளராதீர்கள். நல்ல லெவல்கள் பலவும் அந்தக் குறையைச் சுற்றி யோசித்ததால் வந்தவை. ஆடுபவர் நிற்கும் இடத்தைக் குறிக்க மறந்தால் லெவல் தொடங்கவே தொடங்காது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பழக்கம் வந்ததும் 2023ல் வந்த மைஹவுஸ் வாட்டை ஆடிப் பாருங்கள். அதைப் பற்றி முன்கூட்டியே எதுவும் படிக்காமல் ஆடுங்கள், அது முக்கியம். உங்கள் அறை தயாரானதும் டெக்ஸ்ட் கோப்போடு இங்கேயே போடுங்கள், ஆடிப் பார்த்து எழுதுகிறேன்.