பெரியப்பாவின் பாட்டில்: போர்ட்டா, மதீராவா?

பரண்வாசி:
போன மாதம் ராயபுரத்தில் பெரியப்பா வீட்டைக் காலி செய்தோம். சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை பார்த்தவர், ஐப்பசியில் தவறிவிட்டார். பரணில் அவருடைய டிரங்குப் பெட்டி இருந்தது. உள்ளே 2 வேட்டி, ஒரு ஸ்பேனர், 1978ஆம் வருஷத்து தினசரியில் சுற்றிய ஒரு பாட்டில்.

கிட்டத்தட்ட கறுப்புக் கண்ணாடி. லேபிளை ராமபாணப் பூச்சி பாதி தின்றுவிட்டது. மேலே யு-ஏ-எல் என்று ஏதோ சொல்லின் மிச்சம். கீழே பி-ஓ-ஆர்-டி, அப்புறம் ஓட்டை. ஓரத்தில் 26 2/3 அவுன்ஸ், 35 டிகிரி. இது என்ன சரக்கு? அம்மா வீட்டுக்குள் விடவில்லை. இப்போதைக்கு ஸ்கூட்டர் டிக்கியில் இருக்கிறது.

காசிமேட்டான்:
டிக்கியிலிருந்து எடு தம்பி, முதல் வேலையாக!

போர்ட் என்று லேபிளே சொல்கிறது, அப்புறம் என்ன கேள்வி? போர்ச்சுகலில் டோரோ ஆற்றங்கரைத் திராட்சையில் செய்யும் ஒயின். பாதி புளிக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்கள், அதனால்தான் இனிப்பு அப்படியே தங்குகிறது. விண்டேஜ் போர்ட்டாக, அதாவது ஒரே வருஷத்துத் திராட்சையில் செய்ததாக இருந்து, 1963 மாதிரி பேர்பெற்ற வருஷமாகவும் இருந்தால் உன் பெரியப்பா உனக்குப் புதையல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சந்தேகசாமி:
புதையலாவது. 35 டிகிரி என்றால் 35 சதவீதம். அது ஒயினே இல்லை, பிராந்தி. தவிர 1978ல் இங்கே மதுவிலக்கு. காலி பாட்டிலில் மனுஷர் எதையோ ஊற்றி ஒளித்து வைத்திருப்பார். எங்கள் தெருவில் டிஞ்சர் பாட்டிலில் ரம் வைத்திருந்தவர்கள் உண்டு.

மயிலை வடிகட்டி:
சந்தேகசாமி சார், அது சதவீதம் இல்லை. சாராய வீரியத்தைச் சொல்லும் பழைய பிரிட்டிஷ் ப்ரூஃப் கணக்கு. அதில் 100 என்றால் சுமார் 57 சதவீதம், ஆக 35 என்பது சரியாக 20 வருகிறது. சாராயம் சேர்த்த ஒயினுக்கு அதுதான் அளவு. 26 2/3 அவுன்ஸ் என்பது பழைய பிரிட்டிஷ் காலனில் ஆறில் ஒரு பங்கு, நம் கணக்கில் சுமார் 758 மில்லி. பிரிட்டன் 1980ல் ப்ரூஃப் முறையையே விட்டுவிட்டது. அதற்கு முந்தைய பாட்டில், தினசரியோடும் ஒத்துப்போகிறது.

காசிமேட்டாரோடுதான் எனக்குத் தகராறு. யு-ஏ-எல்லை ஏன் விட்டுவிட்டீர்கள்? பி சேர்த்தால் 'புவால்'. அது மதீராத் தீவின் திராட்சை வகை, ஓரளவு இனிப்பான மதீரா ஒயினுக்கு அந்தப் பேர்தான் போடுவார்கள். மதீராவும் போர்ச்சுகலுக்குச் சொந்தம்தான். கீழே இருப்பது போர்ட் இல்லை, 'போர்ச்சுகல்' என்பதன் தலை.

காசிமேட்டான்:
அக்கா, மூன்று எழுத்தை வைத்து ஜாதகம் கணிக்காதீர்கள். 'குவாலிட்டி'யின் நடுவிலும் இதே யு-ஏ-எல் வருகிறது. உயர்ந்த தரம் என்று எவன்தான் லேபிளில் போடமாட்டான்?

பரண்வாசி:
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லுக்குப் பிறகு அரை அங்குலம் வெற்றுக் காகிதம், பூச்சி தொடவில்லை. சொல் அங்கே முடிகிறது. டி-க்குப் பிறகு ஓட்டையின் விளிம்பில் நிமிர்ந்த கோடு ஒன்று பாதி தெரிகிறது. டிரங்குப் பெட்டியே நிமிர்த்தித்தான் இருந்தது, பாட்டிலும் அதில் நின்றபடிதான். சரக்கு கார்க்குக்குக் கீழே 2 விரல் இறங்கியிருக்கிறது.

மயிலை வடிகட்டி:
நிமிர்ந்த கோடு 'யு'வின் இடது கால். குவாலிட்டியும் போச்சு.

நிற்க வைத்ததும் எனக்குத்தான் சாதகம். விண்டேஜ் போர்ட்டைப் படுக்க வைப்பார்கள், கார்க் காயாமல் இருக்க. மதீராவை நிற்க வைப்பதுதான் வழக்கம்.

காசிமேட்டான்:
கப்பல்காரருக்கு அந்த வழக்கம் தெரிந்துதான் வைத்தாரா? பெட்டியில் இடம் அப்படி இருந்திருக்கும். சரி, மதீரா என்றே வைத்துக்கொள்வோம். ராயபுரத்து பரணில் 40 வருஷத்துக்கு மேல், ஒவ்வொரு அக்னி நட்சத்திரத்திலும் வெந்திருக்கிறது. எந்த ஒயினாக இருந்தாலும் இப்போது காடிதான்.

மயிலை வடிகட்டி:
மதீராவை வேகவைத்துத்தான் செய்கிறார்கள்! 45 டிகிரிக்கு மேல் சூடாக்கி குறைந்தது 3 மாதம் வைப்பது ஒரு முறை. வெயில் ஏறும் மாடியில் பீப்பாயோடு வருஷக்கணக்கில் விடுவது இன்னொன்று. இதற்கு மூலமே கப்பல்தான். வெப்பக் கடல்களைத் தாண்டிப் போய்த் திரும்பிய பீப்பாய்கள் முன்பைவிட ருசியாக இருப்பதை வியாபாரிகள் கவனித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்கள் மதீராவில் ஒயின் ஏற்றிக்கொண்டுதான் இந்தப் பக்கம் வந்தன. நம் ஊர் வெயில் அதற்குப் பழைய சிநேகிதம். தவிர 20 சதவீதச் சாராயத்தில் காடியாக்கும் பாக்டீரியா பிழைப்பது கஷ்டம்.

காசிமேட்டான்:
பீப்பாயில் பக்குவமாகச் சுடவைப்பது வேறு. பாட்டில் பகலில் கொதித்து ராத்திரியில் ஆறி, கார்க் விரிந்து சுருங்கி, காற்று உள்ளே போவது வேறு. அந்த 2 விரல் எங்கே போச்சு என்று நினைக்கிறீர்கள்?

மயிலை வடிகட்டி:
அது நியாயமான கேள்வி. அத்தனை வருஷத்துக்கு 2 விரல் மோசமில்லை, ஆனால் கார்க் உதிரும். தம்பி, டார்ச்சைப் பின்னால் பிடித்து நிறம் பாருங்கள்.

பரண்வாசி:
ஃபில்டர் டிகாக்‌ஷனில் வெல்லப்பாகு கலந்த மாதிரி. ஓரத்தில் லேசாகப் பச்சை. அடியில் மண்டி கொஞ்சம்தான்.

காசிமேட்டான்:
விண்டேஜ் இல்லை, இருந்தால் மண்டி அப்பிக் கிடந்திருக்கும். அதை விட்டுவிடுகிறேன். ஆனால் மரப்பீப்பாயில் ஊறிய டானி போர்ட்டும் இதே பழுப்புதான்!

மயிலை வடிகட்டி:
அதற்கு நாக்குதான் பதில் சொல்லும். இனிப்பு அடங்கும்போது எலுமிச்சை மாதிரி சுள்ளென்று புளிப்பு எழுந்தால் மதீரா.

சந்தேகசாமி:
விற்கலாம் என்ற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஒரு பாட்டில் விற்றாலும் குற்றம்தான். அப்புறம், எனக்கு இன்னமும் அது பிராந்தி.

பரண்வாசி:
விற்கவில்லை. அம்மாவிடம் பேசினேன். அடுத்த அமாவாசைக்குப் பெரியப்பாவுக்குப் படையல். சுருட்டோடு ஒரு தம்ளர் இதையும் வைக்கலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். உதிரும் கார்க்குக்கு டீ வடிகட்டி போதுமா?

மயிலை வடிகட்டி:
போதும், மேலே மெல்லிய துணி போட்டு ஊற்றுங்கள். ஆனால் வடிகட்டி புதிதாக இருக்கட்டும், வீட்டில் இருப்பதில் ஏலக்காய் வாசம் ஏறியிருக்கும்.

காசிமேட்டான்:
புளிப்பா இல்லையா என்று அன்றைக்கே இங்கே வந்து சொல்லிவிடு தம்பி. அக்கா ஜெயித்தால் பஜ்ஜி என் செலவு.