புதுப்பிப்பு: பிராக்கெட்டில் காடி பக்கம் மாறியது ஏன் என்று தெரிந்துவிட்டது

அளவெல்லாம் சரியாக இருந்தும், மில்லிங் (சுழலும் கட்டரால் வெட்டுவது) போட்ட பிராக்கெட்டில் (தாங்கி) காடி (நீளப் பள்ளம்) மட்டும் எதிர்ப்பக்கம் வந்தது ஏன் என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். டிராயிங்கில் விவரங்கள் எழுதும் கட்டமான டைட்டில் பிளாக்கில் நகம் அளவுக்கு இருக்கும் கூம்புக் குறியைப் (முனை வெட்டிய கூம்பும், பக்கத்தில் இரண்டு வட்டங்களும்) பார்க்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

அந்தப் பிராக்கெட்டின் டிராயிங் தேர்ட் ஆங்கிள்; ஒரு பொருளின் பல பக்கத் தோற்றங்களைத் தாளில் அடுக்கும் முறைகளில் அது ஒன்று. நம் ஊரில் படிப்பதும் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) தரப்படி வரைவதும் இன்னொரு முறையான ஃபர்ஸ்ட் ஆங்கிள். அதில் இடமிருந்து பார்த்த தோற்றம் முன்தோற்றத்துக்கு வலப்பக்கம் வரும், டாப் வியூ (மேலிருந்து பார்த்த தோற்றம்) கீழே வரும். தேர்ட் ஆங்கிளில் எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோமோ அந்தப் பக்கமே படம். வலப்பக்கப் படத்தை நான் இடத்தோற்றமாகப் படித்துவிட்டேன்.

கூம்பின் சிறிய முனை வட்டங்களைப் பார்த்திருந்தால் தேர்ட், விலகியிருந்தால் ஃபர்ஸ்ட்.

நேற்று ஒரு சோப்புக் கட்டியில் காடி செதுக்கி, முன்தோற்றம் மேலே தெரியும்படி தாளில் வைத்து, வலப்பக்கம் ஒரு புரட்டு புரட்டினேன். இடப்பக்க முகம் மேலே வந்து நின்றது. ஃபர்ஸ்ட் ஆங்கிள் அப்படியே கண்முன்! புதிதாகப் படிப்பவர்கள் அவசியம் செய்து பாருங்கள்.

பிராக்கெட் மறுபடி போட்டாச்சு, காடி சரியான பக்கத்தில் இருக்கிறது.