பிளாஸ்மாவில் மெத்தில்பெனிடேட் அளவு ஒரே இரவில் குறைவது ஏன்?

கேள்வி:
ஏ.டி.எச்.டி. என்னும் கவனச்சிதறல், மிகைச்செயல்பாட்டுக் குறைபாட்டுக்குக் கொடுக்கப்படும் மெத்தில்பெனிடேட்டின் அளவை எல்.சி.-எம்.எஸ். கருவியில் (கலவையைப் பிரித்து மூலக்கூறுகளின் நிறையால் அளக்கும் கருவி) அளந்து வருகிறேன். மருந்தில்லாத மனிதப் பிளாஸ்மாவில் (குருதியின் திரவப் பகுதியில்) மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் வீதம் நானே கலந்த மாதிரி அன்றைக்குச் சரியாக வந்தது. ஓர் இரவு மேசைமேல் இருந்த பிறகு 8.2 மட்டுமே காட்டியது. டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய அக நியமத்தை, அதாவது ஒப்பிட்டு அளக்கத் தெரிந்த அளவில் சேர்க்கும் அதே மருந்தின் வடிவத்தை, காலையில் சேர்த்தும் இப்படி வருவதால், பிழை எங்கே என்று விளங்கவில்லை. அடுத்த மாதம் சிறுவர்களின் மாதிரிகள் வரவிருப்பதால் கவலையாக இருக்கிறது.

மறுமொழி 1:
கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். இம்மருந்து ஓர் எஸ்டர், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த வகைச் சேர்மம். நீரால் பிளவுபட்டு, ஊக்கும் ஆற்றல் இல்லாத ரிட்டாலினிக் அமிலமாக மாறிவிடும். உடலுக்குள் இந்த வேலையைக் கல்லீரலின் கார்பாக்சில் எஸ்டரேஸ் நொதி செய்கிறது. மனிதப் பிளாஸ்மாவில் அந்நொதி ஏறத்தாழ இல்லையென்றாலும், திறந்து வைத்த பிளாஸ்மாவிலிருந்து கரியமில வாயு வெளியேற வெளியேறக் காரத்தன்மை கூடுவதால், அங்கும் பிளவு நடந்துகொண்டே இருக்கும். ஆகவே குருதி எடுத்தவுடன் குழாயைப் பனிக்கட்டியில் வைத்து, தாமதமின்றிக் குளிர்நிலையில் சுழற்றிப் பிரித்து, பிளாஸ்மாவை உடனே உறைய வையுங்கள். ஃபுளோரைடு குழாய் நொதிகளை ஓரளவு அடக்கும். காரத்தால் வரும் சிதைவை அது தடுக்காது.

மறுமொழி 2:
அக நியமம் ஏன் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சேர்த்த கணத்துக்குப் பிறகு நேரும் இழப்பை மட்டுமே அது ஈடுசெய்யும். முந்தைய இரவில் போனது போனதுதான். இதைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. நீங்கள் கலந்த மாதிரியில் புதிதாகத் தோன்றும் ரிட்டாலினிக் அமிலத்தைப் பார்த்துச் சிதைவைக் கண்டுபிடித்துவிடலாம். மருந்து உண்ட சிறுவனின் பிளாஸ்மாவிலோ அந்த அமிலம் மருந்தைவிடப் பல மடங்கு ஏற்கெனவே இருப்பதால், சிதைவால் கூடும் சிறு அளவு கண்ணுக்கே படாது. மருந்தின் அரை ஆயுளும் (உடலில் அதன் அளவு பாதியாகும் நேரம்) 2 முதல் 3 மணி நேரம்தான் என்பதால், மாத்திரை உண்ட நேரம், ஊசி குத்திய நேரம், உறையவைத்த நேரம் மூன்றையும் ஒவ்வொரு குழாய்க்கும் எழுதி வாங்குங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அதே மாதிரியில் ரிட்டாலினிக் அமிலத்தையும் தேடிப் பார்த்தேன். முதல் நாள் இல்லாத அதன் உச்சி (கருவி வரையும் கோட்டில் எழும் முகடு) மறுநாள் தெளிவாக இருந்தது. பனிக்கட்டிப் பெட்டிக்கும் நேரம் குறிக்கும் படிவத்துக்கும் இன்றே ஏற்பாடு செய்கிறேன்.